துவைக்கக் கூடாதது

சாப்பாட்டு அறையை ஜிப்சம் பலகை வைத்து இரண்டாக வெட்டினோம்.
சன்னல் இருக்கும் பாதிக்கு இருநூற்றெண்பது யூரோ,
இல்லாத பாதிக்கு இருநூற்றிருபது.
ரசீது கிடையாது.
கேட்கிறவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம்.
கொய்ம்ப்ராவில் மேடு ஏற ஏற வீடுகள்தாம்.

கண்ணாடி அலமாரி மட்டும் புது வாசலில் நுழையவில்லை.
என் கல்யாணத்துத் தட்டுகளோடு
அது சன்னல் பாதியிலேயே தங்கிவிட்டது.
கிறிஸ்துமசுக்குத் தட்டெடுக்க
என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.
'வரலாம்' என்றது உள்ளிருந்து
வாடகை கொடுக்கிறவனின் குரல்.

டெல்ஃபிம். பிரகான்சாப் பக்கத்துப் பையன். சட்டம்.
தன் முட்டைகளில் பென்சிலால் 'டெ' என்று எழுதிவைப்பான்.
குளிக்க ஏழு நிமிடம் என்றால் ஏழு.
வெளியே கடிகாரத்தோடு
என் கணவர் அதெரிட்டோ நிற்பது அவனுக்குத் தெரியும்.
பீங்கான் ஆலை மூடிய பிறகு
அவருக்கு மிஞ்சிய உத்தியோகம் அதுதான்.
பையன்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டார்.
'நம்ம வீட்டில் நாம் பேயாகிவிட்டோம், உம்பெலினா' என்பார்.
வாடகை நாளில் மட்டும் சொல்லமாட்டார்.

மார்ச்சில் ஒரு செவ்வாய். மழை விட்டிருந்தது.
படுக்கை விரிப்புக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்க்காமல்
அறுபது டிகிரியில் போட்டுவிட்டேன்.
வெளியே இழுத்தால்
அவனுடைய கருப்பு மேலங்கி,
ஒரு சாண் சுருங்கி.

இந்த ஊர்க்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.
மாணவரின் மேலங்கியைத் துவைக்கக் கூடாது.
நாலு வருடத்து மழை, சிந்திய ஒயின்,
யார் யாரோ தோளில் சாய்ந்து அழுதது
எல்லாம் அதற்குள்தான் இருக்கும் என்பார்கள்.
நான் அதை லாவெண்டர் மணக்கப் பிழிந்துவைத்திருந்தேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
மோந்து பார்த்தான். மடித்தான்.
ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை.
இந்த மாதம் ஐம்பது குறைத்துக்கொள் என்றேன்.
இருநூற்றெண்பதையும் எண்ணி மேசையில் வைத்தான்.
அதற்கு என்னை அறைந்திருக்கலாம்.

மூன்றாம் இரவு அதெரிட்டோ
பலகைக் கதவை இடித்தார்: 'கொடு அதை இங்கே.'
பள்ளிக்கூடமே தாண்டாத மனிதர், அறுபத்தோரு வயதில்
அந்தக் கருப்பைத் தோளில் போட்டுக்கொண்டு
சரிவில் இறங்கிப் போனார்.
வீட்டுச் செருப்போடு பின்னாலேயே ஓடினான் பையன்.

விடியற்காலை மூன்றுக்கு வந்தார்கள்.
மத்தி சுட்ட புகை, சிவப்பு ஒயின், மொண்டேகோ ஆற்றுச் சேறு,
எங்கிருந்தோ பூனை முடி.
'இது ஆரம்பம்தான்' என்றார் அதெரிட்டோ,
கடனில் பாதி அடைத்தவர் மாதிரி.
பையன் படியில் உட்கார்ந்து சிரித்தான்,
மேல்மாடிக்காரி சன்னலைத் திறந்து வையும்வரை.
அதற்குப் பிறகும்
ஏழு நிமிடம் ஏழு நிமிடம்தான்.

இன்று ஜூலை. பெட்டி கட்டிவிட்டான்.
மின்சாரக் கணக்கில் முப்பத்தொரு யூரோ பாக்கி.
அனுப்புகிறேன் என்கிறான். அனுப்பமாட்டான்.
படியிறங்கும் முன் மேலங்கியின் ஓரத்தை நீட்டினான், இடப்பக்கம்.
அங்கே வீட்டாட்கள் ஆளுக்கொரு கிழிசல் போடுவது வழக்கம்.
கத்தரி ஆகாது. பல்லால்.
'உன் வீட்டாட்கள் பிரகான்சாவில் இருக்கிறார்கள்.
நான் வீட்டுக்காரி' என்றேன்.
நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.

நாலு மணிக்கு அறை பார்க்க ஒருத்தி வந்தாள்,
அவெய்ரோவிலிருந்து, தாயோடு.
சன்னலைத் திறந்து காட்டினேன்.
அலமாரி நகராது என்றேன். முந்நூற்றுப் பத்து என்றேன்.
தாய்க்காரி ரசீது பற்றிக் கேட்டாள்.
சட்டென்று வாய் வரவில்லை எனக்கு.
கட்டிய பல்லுக்கும் சொந்தப் பல்லுக்கும் நடுவே
ஒரு கருப்பு நூல்,
நாக்கால் எத்தனை தள்ளியும்
வரமாட்டேன் என்கிறது.